அனல்மின் நிலையமும் குப்பை எரிஉலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதத்தில் கேட்பது, ஷிப்டில் சில வருடம் ஓட்டியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது, தங்கள் பகுதிக்கு எரிஉலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள் விசாரிப்பது, மூன்றும் இங்கே கலந்திருக்கின்றன. மின் நிலைய எண்களெல்லாம் தமிழ்நாட்டில் அதிகம் ஓடும் 210 மெகாவாட் யூனிட்டுக்கு (ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதி) உரியவை. தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை முதல் நிலை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையம் எல்லாவற்றிலும் இந்த அளவு யூனிட்டுகள் உண்டு. தயாரிப்பைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறும். உங்கள் நிலையத்துக் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

1. சிம்னியில வர்றதும் அந்தக் குண்டு கோபுரத்துல வர்றதும் ரெண்டுமே புகைதானா?

இல்லை. இடுப்பு ஒடுங்கிய குண்டு கோபுரம் கூலிங் டவர். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சரிலிருந்து சூடாகி வரும் தண்ணீரை அதற்குள் தூவி ஆறவைக்கிறார்கள். மேலே எழும் வெண்மூட்டம் வெறும் ஈரம்தான். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட்டுகளுக்கு இந்தக் கோபுரமே கிடையாது. கடல்நீரை எடுத்து, ஒருமுறை சுற்றவிட்டு, கடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

புகை வருவது ஒல்லியாக உயர்ந்து நிற்கும் சிம்னியில். அதன் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதை ஓரளவு சொல்லிவிடலாம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வெளிர் மூட்டம் என்றால் நல்லது. அடர்ந்த சாம்பல் நிறம் என்றால் சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் இ.எஸ்.பி.யில் ஏதோ ஒரு ஃபீல்டு (அதன் ஒரு பகுதி) வேலை செய்யவில்லை. கருப்பாக வந்தால் எண்ணெயோ கரியோ காற்று பற்றாமல் எரிகிறது.

2. ஒரு யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நிலக்கரி வேணும்?

210 மெகாவாட்டை 24 மணி நேரம் முழு லோடில் ஓட்டினால் 50.4 லட்சம் யூனிட் மின்சாரம். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ ஆகும். ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,500 டன், கிட்டத்தட்ட ஒரு முழு கூட்ஸ் ரயில் சுமை. அதில் சாம்பல் 35 முதல் 40 சதவீதம் என்பதால் நாளுக்கு 1,200 டன்னுக்கு மேல் சாம்பலை வெளியேற்றியாக வேண்டும். கரி வருகிறதா என்று கவலைப்படுகிற அளவுக்குச் சாம்பல் போகிறதா என்றும் கவலைப்பட வேண்டிய தொழில் இது.

3. எரிக்கிற சூட்டுல மூணுல ஒரு பங்குதான் கரண்ட் ஆகுதாமே, மிச்சம் எங்க போகுது?

சுமார் 35 சதவீதம் மின்சாரமாகிறது. 14 சதவீதம்போல பாய்லரிலேயே போய்விடுகிறது: சிம்னி வழியே போகும் வெப்பம், கரியின் ஈரத்தை ஆவியாக்கும் செலவு, எரியாமல் சாம்பலோடு போகும் கரித்துகள். மீதி, அதாவது பாதிக்குப் பக்கம், கண்டென்சரில் குளிர்நீருக்குப் போகிறது.

அந்தப் பாதியை வீண் என்று நினைக்க வேண்டாம். டர்பைனை விட்டு வரும் நீராவி தண்ணீராகச் சுருங்கினால்தான் அங்கே வேக்கம் (வெற்றிடம்) உண்டாகும். வேக்கம் இருந்தால்தான் நீராவி டர்பைனின் கடைசி பிளேடு வரை விரிந்து உழைக்கும். இதற்காகவே 210 மெகாவாட் யூனிட்டில் மணிக்கு 27,000 கனமீட்டர் அளவில் குளிர்நீர் ஓடுகிறது. உற்பத்தியாகும் மின்சாரத்திலும் 8 முதல் 9 சதவீதம் நிலையத்தின் சொந்த பம்புகளுக்கும் ஃபேன்களுக்கும் கரியைப் பொடியாக்கும் மில்களுக்கும் போய்விடும்.

4. வேக்கம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, எங்கேன்னு தேடறது?

முதலில் குளிர்நீர் உள்ளே வரும் வெப்பநிலையையும் வெளியே போகும் வெப்பநிலையையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் தண்ணீர் வரத்து குறைந்திருக்கிறது: பம்பு, அடைத்த வலை, கடலோர நிலையமென்றால் சிப்பியும் பாசியும். வித்தியாசம் சரியாக இருந்து, நீராவிக்கும் வெளியேறும் நீருக்கும் இடையிலான இடைவெளி கூடியிருந்தால் குழாய்க்குள் அழுக்குப் படிந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று நுழைகிறது.

காற்று நுழையும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை: எல்.பி. (குறைந்த அழுத்த) டர்பைன் தண்டைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் கிளாண்ட் சீலில் நீராவி அழுத்தம் குறைவு, வால்வு ஸ்டெம் பேக்கிங், சரியாக மூடாத டிரெயின், கேஜ் கிளாஸ் இணைப்பு. ஹீலியம் டிடெக்டர் இருந்தால் ஒரே ஷிப்டில் கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் உள்ள இடத்தில் ஹீலியத்தைப் பீய்ச்சி, வேக்கம் பம்பின் வெளியேற்றத்தில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டர் பாதரச அளவு வேக்கம் கெட்டால் எரிபொருள் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். 2ஆம் பதிலில் உள்ள கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 35 டன் கரி.

5. நின்னு போன யூனிட்டை ஏன் உடனே ஸ்டார்ட் பண்ண முடியல?

எல்லாம் இரும்பின் தடிமனால் வரும் தாமதம். தண்ணீரும் நீராவியும் பிரியும் பாய்லர் டிரம்மின் சுவர் 10 சென்டிமீட்டருக்கும் மேல் கனம். உள்பக்கம் சூடேறி வெளிப்பக்கம் குளிர்ந்திருந்தால் உலோகம் இழுபட்டு விரிசல் விழும். அதனால் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும்போது டிரம் வெப்பநிலையை மணிக்கு 55 டிகிரிபோலத்தான் ஏற்றுவார்கள். டிரம்மின் மேல்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

வரிசை இப்படி: உலைக்குள் தங்கிய வாயுவை வெளியேற்ற முழுக் காற்றில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் 5 நிமிடம் பர்ஜ்; எண்ணெயில் லைட்-அப்; டிரம் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வந்ததும் வென்ட்களை மூடுதல்; நீராவி போதிய சூடும் அழுத்தமும் அடைந்ததும் டர்பைனைக் குறைந்த வேகத்தில் உருட்டி ஊறவிடுதல்; பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்று, சிங்க்ரோ (கிரிட்டோடு இணைத்தல்), கரிக்கு மாறுதல். குளிர் தொடக்கம் ஒன்றுக்கே 50 கிலோலிட்டர் அளவில் எண்ணெய் எரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பத் தொடங்கினால் அதில் பாதிகூட ஆகாது. டிரிப்பான (யூனிட் திடீரென்று தானே நின்ற) காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

6. டிரிப் ஆனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

லூப் ஆயில் பிரஷர், அதாவது பேரிங்குகளுக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம். அலாரம் பேனலில் ஐம்பது விளக்கு எரியும். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நிற்காதீர்கள். 3,000 சுற்றில் ஓடும் டர்பைன் ரோட்டார் நிற்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அது ஓர் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ரோட்டாரோடு ஓடும் மெயின் ஆயில் பம்பு, வேகம் குறையக் குறைய பலம் இழக்கும். அப்போது ஏ.சி. பம்பு தானாக ஏற வேண்டும். நிலையத்துக்கே கரண்ட் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் டி.சி. பம்பு ஏற வேண்டும். இரண்டும் ஏறாவிட்டால் பேரிங்கின் வெள்ளை உலோகம் நிமிடங்களில் வழித்துக்கொண்டு போய்விடும். டி.சி. பம்பை வாரம் ஒருமுறை உண்மையாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘டெஸ்ட் ஓகே’ என்று ரிஜிஸ்டரில் எழுதுவதால் பம்பு ஓடாது.

அடுத்து டிரம் லெவல், பிறகு எரிபொருள் வால்வுகள் எல்லாம் உண்மையில் மூடினவா என்பது. ரோட்டார் நின்றவுடன், அதை மெதுவாகச் சுற்றவைக்கும் பார்ரிங் கியர் பிடிக்க வேண்டும். சூடான ரோட்டாரை அசையாமல் விட்டால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் குளிர்ந்தும் வளைந்துவிடும். கேசிங் ஆறும்வரை, அதாவது மூன்று நான்கு நாள், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கியர் பிடிக்கவில்லையென்றால் கப்ளிங்கில் குறி போட்டு, குறித்த இடைவெளியில் கையால் அரைச்சுற்று திருப்புவார்கள். சிக்கிக்கொண்ட ரோட்டாரைக் கிரேன் போட்டு இழுக்கவே கூடாது. ஆறவிட்டால் தானே விடும்.

7. குடிக்கிற தண்ணியைவிட சுத்தமான தண்ணி பாய்லருக்கு எதுக்கு?

தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மணிக்கு 650 டன்னுக்கு மேல் ஆவியாகும் இடத்தில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் சில நாளில் குழாய்ச் சுவரில் ஏடு கட்டும். ஏடு கட்டிய இடத்தில் தண்ணீரின் குளிர்ச்சி உலோகத்துக்கு எட்டாது; குழாய் வெந்து உப்பி வெடிக்கும். சிலிக்கா இன்னும் மோசம். இந்த அழுத்தத்தில் அது நீராவியோடு கலந்தே பறந்து டர்பைன் பிளேடில் கண்ணாடிபோலப் படியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது.

அதனால் உப்பை நீக்கும் டி.எம். பிளான்ட்டிலிருந்து வரும் தண்ணீரில் சிலிக்கா பத்து கோடியில் 2 பங்குக்குள், கண்டக்டிவிட்டி 0.2 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனையும் டீஏரேட்டரில் விரட்டிவிடுகிறார்கள். பாய்லர் தண்ணீரின் பி.எச். 9க்கு மேல் இருக்கப் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். இழப்பை ஈடுகட்டச் சேர்க்கும் மேக்கப் தண்ணீர் நீராவி அளவில் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், மணிக்கு 7 டன் போல. அது திடீரென்று கூடினால் எங்கோ ஒழுகுகிறது. 9ஆம் கேள்வியைப் பாருங்கள்.

8. கண்டென்சர் ட்யூப் ஒண்ணு ஓட்டையானா அவ்வளவு பெரிய விஷயமா?

கடலோர நிலையத்தில் மிகப் பெரிய விஷயம். கண்டென்சருக்குள் வேக்கம் இருப்பதால் தண்ணீர் வெளியே ஒழுகாது, கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படும். கடல்நீரிலுள்ள மெக்னீசியம் குளோரைடு பாய்லர் வெப்பத்தில் அமிலமாக மாறி பி.எச்.ஐக் கீழே இழுக்கும். உலைச் சுவராக நிற்கும் வாட்டர் வால் குழாயில் ஏடு படிந்திருந்தால் அதன் உட்புறத்தில் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதைப் பொருபொருவென்று ஆக்கிவிடும். கடைசியில் குழாய் உப்பிக் கிழிவதற்குப் பதில் ஜன்னல்போல ஒரு துண்டாகப் பெயர்ந்து விழும். இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் அலட்சியத்துக்கு ஆறு மாதம் கழித்துக்கூடக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

கண்டென்சரின் அடியில் தண்ணீர் சேரும் ஹாட்வெல்லில் கேட்டயான் கண்டக்டிவிட்டியும் சோடியமும் ஏறினால் அதுதான் முதல் அறிகுறி. சின்னக் கசிவென்றால் குளிர்நீர் நுழைவில் மரத்தூளைத் தூவுவது இன்றைக்கும் கைகொடுக்கும் பழைய வைத்தியம். வேக்கம் தூளை ஓட்டைக்கு இழுத்து அடைத்துக்கொள்ளும். அது தற்காலிகம்தான். லோடைக் குறைத்து, கண்டென்சரின் ஒரு பாதியைப் பிரித்து, வாட்டர் பாக்ஸைத் திறந்து, குழாய் முகப்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் ஓட்டைக் குழாய் இருக்கும் இடத்தில் தாள் குழிவிழும். அந்தக் குழாயின் இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். பாய்லர் தண்ணீரின் பி.எச். 8க்குக் கீழே போய்விட்டால் பேச்சே கிடையாது, யூனிட்டை நிறுத்துங்கள்.

9. அதே இடத்துல பாய்லர் ட்யூப் திரும்பத் திரும்ப ஏன் வெடிக்குது?

வெடித்த குழாயை மாற்றிவிட்டு, வெடித்த காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதால். கிழிந்த வாயைப் பார்த்தால் காரணம் தெரியும். மீன்வாய்போல விரிந்து, உதடு கத்திமுனையாக மெலிந்திருந்தால் திடீர்ச் சூடு: குழாய்க்குள் அடைப்பு, தண்ணீர் வராமை. உதடு கனமாகவே இருந்து நீளவாக்கில் பிளந்திருந்தால் வருடக்கணக்கில் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உழைத்த களைப்பு. வெளிப்புறம் வழவழவென்று தட்டையாகத் தேய்ந்திருந்தால் சாம்பல் அரிப்பு. பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சிம்னி வாயுவால் சூடாக்கும் எக்கனாமைசரில் நம் நிலையங்களுக்கு இதுதான் அடிக்கடி, ஏனென்றால் இந்திய நிலக்கரிச் சாம்பலில் குவார்ட்ஸ் துகள் அதிகம்.

சாம்பல் அரிப்பு வாயு வேகத்தின் ஏறக்குறைய மூன்றாம் மடியில் கூடும். வேகம் இரட்டித்தால் தேய்மானம் எட்டு மடங்கு. வேகம் எங்கே இரட்டிக்கும்? குழாய்க்கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்த மூலையில், பாதி அடைத்துப் பாதி திறந்த வரிசையில், தேவைக்கு மேல் காற்று விடும்போது. எக்கனாமைசர் வெளிவாயிலில் ஆக்சிஜன் 3 முதல் 4 சதவீதத்தில் நிற்க வேண்டும். பயத்தில் 6 வைத்து ஓட்டுபவர்கள் குழாயை ராவுகிறார்கள். ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் ஒரே இடங்களில் தடிமன் அளந்து வரைபடத்தில் எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்த குழாயை அடுத்த ஓவர்ஹால் வரை நம்பி விடாதீர்கள்.

மாற்றும்போது உலோகக் கலப்பைத் துப்பாக்கி மீட்டரால் சோதித்துவிட்டுத்தான் வெல்டிங். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர் ஹீட்டரில், டி-22 (குரோமியம் கலந்த எஃகு) இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண கார்பன் ஸ்டீல் துண்டு போய்ச் சேர்ந்தால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சில மாதத்தில் வெடிக்கும். பாய்லர் விதிகளின்படி சான்று பெற்ற வெல்டர், ரேடியோகிராபி, ஹைட்ராலிக் சோதனை: இதில் எதையும் அவசரத்துக்காக விடக்கூடாது.

10. சின்ன லீக்தானே, வார இறுதி வரைக்கும் ஓட்டிடலாமா?

கூடாது என்பதுதான் என் பதில். 150 கிலோ அழுத்தத்தில் பீறிடும் தாரை பக்கத்துக் குழாயை அறுக்கும். அது அறுந்தால் அடுத்தது. ஒரு குழாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பத்துப் பதினைந்தாகும். மேக்கப் ஏற்றம், பாய்லருக்குள் போகும் தீவன நீருக்கும் வெளிவரும் நீராவிக்கும் இடையே விழும் வித்தியாசம், வாயுவைச் சிம்னிக்கு இழுக்கும் ஐ.டி. ஃபேன் ஆம்பியர் கூடுவது, இவை மூன்றும் சேர்ந்தால் லீக் உறுதி. கிரிட்டைக் கட்டுப்படுத்தும் லோடு டெஸ்பாட்ச் மையத்திடம் சொல்லி, சில மணி நேரத்தில் ஒழுங்காக நிறுத்துங்கள்.

11. இ.எஸ்.பி. ஹாப்பரைத் திறக்கும்போது என்ன ஆபத்து? எல்.சி. வாங்கினா போதுமா?

எல்.சி. (லைன் கிளியர், மின் இணைப்பைத் துண்டித்ததற்கான அனுமதிச் சீட்டு) மின்சாரத்திலிருந்து காப்பாற்றும், அதுவும் ஃபீல்டை எர்த் செய்திருந்தால்தான். சாம்பலிலிருந்து காப்பாற்றாது. இ.எஸ்.பி.யின் அடியில் சாம்பல் சேரும் ஹாப்பருக்குள் தேங்கிய பறக்கும் சாம்பல் பார்க்கக் கட்டிபோல இருக்கும். கதவைத் திறந்ததும் தண்ணீர்போலப் பாயும், 100 டிகிரிக்கு மேல் சூட்டோடு. நிறைய உயிர்கள் இதில் போயிருக்கின்றன. லெவல் இன்டிகேட்டரை நம்பாமல், கைத்துளையைத் திறந்து, கம்பியால் குத்திப் பார்த்து, காலி என்று உறுதி செய்த பிறகே பெரிய கதவு. நிற்பது கதவுக்கு நேரே அல்ல, கீல் பக்கமாக.

உலையின் கீழே கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல் பாறை) கட்டும்போதும் இதே கதைதான். மேலே தொங்கும் பாறை விழுந்தால் அடியிலுள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகி வெளியே அடிக்கும். கம்பி விட்டுக் குத்துபவர் முழுக்கை உடுப்பும் முகக்கவசமும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. படியும் சாம்பலை ஊதி அகற்றும் சூட் ப்ளோயரை ஒழுங்காக ஓட்டினால் கிளிங்கர் அந்த அளவுக்கு வளராது.

12. சோலார் வந்தப்புறம் பகல்ல லோடு இறக்கச் சொல்றாங்க. மெஷினுக்கு ஆகுமா?

ஆகும், ஆனால் விலை உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் நிலக்கரி யூனிட்டுகள் முழு லோடில் 55 சதவீதம் வரை இறங்கத் தயாராக வேண்டும் என்கின்றன. பிறகு படிப்படியாக 40 சதவீதம். ஏற்றி இறக்கும் வேகமும் அதிலேயே இருக்கிறது: 70க்கு மேல் நிமிடத்துக்கு 3 சதவீதம், 55 முதல் 70 வரை 2, அதற்குக் கீழே 1.

குறைந்த லோடில் முதலில் தடுமாறுவது சுடர். ஒன்றுக்கொன்று அடுத்தடுத்த மில்களை ஓட்டுங்கள்; மேலே ஒன்று கீழே ஒன்று என்று விட்டால் சுடர் ஒன்றையொன்று தாங்காது. சிம்னி வாயு குளிர்ந்து ஏர் பிரீஹீட்டரில் கந்தக அமிலம் வியர்க்கும். ஸ்டீம் காயிலால் காற்றைச் சூடாக்கினால் தப்பலாம். ரீஹீட் (இடையில் மறுபடி சூடாக்கிய நீராவி) வெப்பநிலை விழுந்தால் எல்.பி. டர்பைனின் கடைசி பிளேடுகளை நீர்த்துளி அரிக்கும். இவற்றைவிட ஆழமானது களைப்பு. 5ஆம் பதிலில் சொன்ன தடித்த டிரம்மும், பல குழாய்கள் வந்து சேரும் ஹெடர்களும் முன்பு வருடத்தில் சில முறை பட்ட பாட்டை இப்போது தினமும் படுகின்றன. ஹெடரில் குழாய் சேரும் துளைகளுக்கு இடையிலான விரிசலை ஓவர்ஹாலில் தேடிப் பார்ப்பது இனிமேல் கட்டாயம்.

13. பழைய யூனிட்டைப் புதுப்பிக்கலாமா, இடிச்சிடலாமா?

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் நிலையம் 2020இல் ஓய்ந்தது. இரண்டும் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டப்பட்டவைதான். 50, 60, 100 மெகாவாட் யூனிட்டுகளில் பணம் போடுவதில் இனி அர்த்தமில்லை. 210க்கு யோசிக்கலாம்.

முதலில் மிச்ச ஆயுள் ஆய்வு: ஹெடர், பிரதான நீராவிக் குழாய், ரோட்டார் மையத்துளை. இவை நன்றாக இருந்தால் பழைய கண்ட்ரோல் பேனலை டி.சி.எஸ்.ஆக (கணினிக் கட்டுப்பாடு) மாற்றுவது, எச்.பி., ஐ.பி. (உயர், இடை அழுத்த) டர்பைனின் உட்பகுதியைப் புதிய பிளேடு வடிவத்துக்கு மாற்றுவது, ஃபேன்களுக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), இ.எஸ்.பி.யில் கூடுதல் ஃபீல்டு என்ற வரிசையில் பலன் கிடைக்கும். 12ஆம் கேள்வியின் காலத்தில் டி.சி.எஸ்.ஸும் வி.எஃப்.டி.யும் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கின்றன. ஆனால் புதுப்பித்த 210 எப்போதும், 2024இல் திறக்கப்பட்ட வடசென்னை 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் (மிக உயர் அழுத்தத்தில் ஓடும்) யூனிட் அளவுக்குச் சிக்கனமாகாது.

14. எஃப்.ஜி.டி. வேணாம்னு சொல்லிட்டாங்களாமே?

எஃப்.ஜி.டி. என்பது சிம்னி வாயுவிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பு. 2015 டிசம்பரில் வந்த விதிகள் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வைத்தன. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. தேசியத் தலைநகர்ப் பகுதிக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்குக் கட்டாயம் நீடிக்கிறது. இந்திய நிலக்கரியில் கந்தகம் 0.5 சதவீதம்போலத்தான் என்பது தளர்த்தியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சாம்பல் துகள் வரம்பு அப்படியே இருக்கிறது. கந்தக வரம்பு தளர்ந்ததைக் காரணம் காட்டி இ.எஸ்.பி. பராமரிப்பைக் கைவிட முடியாது.

15. நம்ம ஊர்க் குப்பை எரியுமா?

பிரித்தால் எரியும். 1987இல் டெல்லி திமார்ப்பூரில் டென்மார்க் உதவியோடு நாளுக்கு 300 டன் குப்பையில் 3.75 மெகாவாட் எடுக்க ஒரு நிலையம் கட்டினார்கள். வந்த குப்பையின் வெப்ப மதிப்பு, வடிவமைத்த அளவில் பாதியளவுகூட இல்லாததால் கொஞ்ச நாளிலேயே நின்றுபோனது.

கிலோவுக்கு 1,450 கிலோகலோரிக்குக் கீழே போனால் எண்ணெய் ஊற்றாமல் உலை தாங்காது. நல்ல இந்திய நிலக்கரி 3,500க்கு மேல். நம் குப்பையில் பாதி தண்ணீர். ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாக 600 கிலோகலோரி கேட்கும். சாப்பாட்டு மிச்சமும் வாழையிலையும் இளநீர்க் கூடும் உரத்துக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோ போகட்டும். தெருப்புழுதியும் கட்டட இடிபாடும் எரிஉலைக்குள் போனால் எரியவும் எரியாது, குப்பை எரியும் தட்டான கிரேட்டையும் தேய்த்துவிடும்.

16. ஒரு டன் குப்பையில எவ்வளவு கரண்ட் கிடைக்கும்?

இரண்டு நிலையங்களின் பலகை எண்களை வகுத்துப் பாருங்கள். டெல்லி தேகண்ட்: நாளுக்கு 2,000 டன், 25 மெகாவாட். டன்னுக்கு 300 யூனிட் மின்சாரம். சிங்கப்பூரின் துவாஸ்ஒன்: 3,600 டன், 120 மெகாவாட். டன்னுக்கு 800. இந்த இடைவெளியில் பெரும்பங்கு குப்பையின் ஈரத்தாலும் மண்ணாலும் வருவது. எரிஉலையை மின் நிலையமாகப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். அது குப்பையை ஒழிக்கும் ஆலை. மின்சாரம் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்.

17. குழியில ஏன் ஒரு வாரம் போட்டு வைக்கிறாங்க? நாத்தம் வராதா?

ஐந்து முதல் ஏழு நாளில் சாறு வடிந்து இறங்கும், குப்பை தானே கொஞ்சம் சூடாகிக் காயும். கிரேன்காரர் சும்மா அள்ளிப் போடுவதில்லை. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் அள்ளி, உயரத்திலிருந்து உதிர்த்து, கலந்துகொண்டே இருப்பார். உலைச் சூடு ஏறி இறங்காமல் நிற்பது பாதி அவர் கையில்தான்.

எரிக்கத் தேவையான காற்றை அந்தக் கூடத்திலிருந்தே ஃபேன் இழுப்பதால் உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும். நாற்றம் வெளியே வராமல் உலைக்குள் போய் எரியும். உலை நிற்கும் நாளில் இந்த இழுவையும் நிற்கும். அன்றைக்குத் தனியாகக் கார்பன் வடிகட்டியும் ஃபேனும் இல்லாத நிலையத்தின் நாற்றம் ஊர் முழுக்கத் தெரியும். வடிந்த சாறுக்கும் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும்.

18. கரி பாய்லர்ல 540 டிகிரி, குப்பை பாய்லர்ல ஏன் 400 டிகிரியோட நிறுத்திடுறாங்க?

குளோரின். பிளாஸ்டிக்கிலும் உணவு உப்பிலும் உள்ள குளோரின், குழாய்மேல் படியும் உப்புச் சாம்பலாக மாறும். உலோகம் 450 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிவு இரும்பைத் தின்னத் தொடங்கும். அதனால் உலகம் முழுக்க வழக்கம் 40 பார், 400 டிகிரி. திறன் 20 முதல் 25 சதவீதத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம். உலையின் கீழ்ப்பகுதிக்குச் சிலிக்கன் கார்பைடு பூச்சு, அதற்கு மேல் இன்கோனல் 625 (நிக்கல் கலவை) வெல்டிங் போர்வை போடுவார்கள்.

19. டையாக்சின் வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. டையாக்சின் என்பது குளோரின் உள்ள பொருள்கள் எரியும்போது உருவாகும் கடும் நச்சு. அதனால்தான் இவ்வளவு கருவிகள். கடைசிக் காற்று சேர்ந்த பிறகு வாயு 850 டிகிரியில் குறைந்தது 2 நொடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதில் டையாக்சின் சிதையும். ஆனால் வாயு 450இலிருந்து 200 டிகிரிக்கு ஆறும் வழியில், சாம்பலில் உள்ள கார்பனும் செம்பும் குளோரினும் சேர்ந்து அது மறுபடி பிறக்கும். எனவே அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடக்க வேண்டும், பாய்லர் குழாயில் சாம்பல் தேங்கவிடக்கூடாது. மிஞ்சியதைத் தூள் கார்பன் உறிஞ்சும், பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி) பிடிக்கும்.

இந்திய வரம்பு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். இதை ஆன்லைன் மீட்டர் காட்டாது. தூசி, அமில வாயு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றைத்தான் அது காட்டும். டையாக்சினுக்கு மணிக்கணக்கில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மோசமான நேரம் தொடங்குவதும் நிறுத்துவதும். அப்போது துணைப் பர்னரை எரித்து 850 வந்த பிறகே குப்பையைப் போட வேண்டும்.

20. பேக் ஃபில்டர் ஏன் அடிக்கடி போயிடுது?

வெப்பநிலையால். 140 டிகிரிக்குக் கீழே போனால், அமில வாயுவைப் பிடிக்கத் தூவிய சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் குளோரைடு ஈரம் வாங்கிப் பசையாகிப் பையை அடைத்துவிடும். மிக ஏறினால் கார்பன் கனன்று பை பொசுங்கும். தொடங்கும் முன் ஃபில்டரைச் சூடாக்காமல் வாயுவை விடுவது பைகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

ஒரு பை கிழிந்திருந்தால் தூசி மீட்டரின் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் காற்று அடித்து உதறும்போது, கிழிந்த பை உள்ள வரிசையின் முறை வந்ததும் ஒரு முள் எழும். வரிசை கிடைத்துவிடும். பிறகு ஒளிரும் தூளைத் தூவி, புற ஊதா விளக்கு பிடித்தால் கிழிசல் பளிச்சென்று தெரியும்.

21. சாம்பலை என்ன செய்யறது?

இரண்டு சாம்பலைக் கலக்கவே கூடாது. அடிச்சாம்பல் குப்பை எடையில் 20 முதல் 25 சதவீதம். மண் கலந்த நம் குப்பையில் இன்னும் கூடும். இரும்பைப் பிரித்து, ஆறவைத்து, சோதித்த பிறகு சாலை அடித்தளத்துக்கு யோசிக்கலாம். ஃபில்டரில் பிடிபடுவது சில சதவீதமே, ஆனால் ஈயமும் காட்மியமும் டையாக்சினும் அதில்தான். அது அபாயக் கழிவு. அதற்கான கிடங்குக்கே போக வேண்டும். சிங்கப்பூர் தன் எரிஉலைச் சாம்பலைப் படகில் ஏற்றி செமாக்காவ் தீவில் 1999 முதல் கொட்டுகிறது. அந்த இடமும் 2035 வாக்கில் நிறையும் என்று அவர்களே கணித்திருக்கிறார்கள்.

22. எங்க ஏரியாவுல எரிஉலை வரப்போகுது. கூட்டத்துல என்ன கேட்கணும்?

எந்த மாதக் குப்பையை எடுத்து வெப்ப மதிப்பு பார்த்தீர்கள், அதில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பை உண்டா? வெப்ப மதிப்பு குறைந்தால் என்ன எரிப்பீர்கள்? உலை நிற்கும் நாட்களில் குழிக் காற்று எங்கே போகும்? ஃபில்டர் சாம்பல் எந்தக் கிடங்குக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? டையாக்சின் வருடத்துக்கு எத்தனை முறை, யார் அளப்பார், முழு அறிக்கை எங்களுக்குக் கிடைக்குமா? மாநகராட்சி குறைந்தபட்ச டன் தருவதாக உறுதி கொடுத்திருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். அப்படி உறுதி இருந்தால், நாளை ஊர் குப்பையைக் குறைத்தாலும் மாநகராட்சி அபராதம் கட்ட வேண்டிவரும்.

23. தனியா எரிஉலை எதுக்கு, கரி பாய்லர்லயே குப்பையைக் கலந்து எரிக்கக் கூடாதா?

வயல் கழிவிலிருந்து செய்த உருண்டைகளை 5 சதவீதம் அளவில் கலக்கிறார்கள். அதற்கே மில் வெளிவாயில் வெப்பநிலையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மில்லில் தீ பிடிக்கும். நகரக் குப்பை வேறு விஷயம். 540 டிகிரி சூப்பர் ஹீட்டரில் 18ஆம் பதிலின் குளோரின் என்ன செய்யும் என்று யோசித்தால் போதும். சாம்பலும் கெடும், சிமெண்ட்காரர் வாங்கமாட்டார்.

பழைய குப்பைமேட்டைச் சலித்து எடுத்த பிளாஸ்டிக், துணிக்குச் சிமெண்ட் உலை பொருத்தமான இடம். அங்கே 1,450 டிகிரி, சுற்றிலும் சுண்ணாம்பு, சாம்பலும் சிமெண்டோடு கலந்துவிடும். சென்னைக் குப்பைமேடுகளில் பிரித்தெடுத்தது அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போவது இப்படித்தான். அங்கும் குளோரின் கூடினால் பிரீஹீட்டர் சைக்ளோனில் படிந்து அடைக்கும். ஆகவே ஆலைக்காரர் லாரியை உள்ளே விடும் முன் மாதிரி எடுத்து ஈரத்தையும் குளோரினையும் பார்ப்பார். மண் ஒட்டிய, நனைந்த சுமையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.